பைக்கில் ஊற்றிய கார் ஆயில்

தேர்வு மையத்தின் கேட்டை ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள். அனுமதிச் சீட்டில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். என் மனைவி அந்த வரிக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டு, சீட்டை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை என் சட்டைப் பையில் செருகினாள். "ஒண்ணு தொலைஞ்சாலும் ஒண்ணு இருக்கட்டுமுங்க" என்றாள். அவள் அப்படிப்பட்டவள். நான் எப்படிப்பட்டவன் என்பதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் பதினோரு வருடமாக ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். கல்யாணத்துக்கு முன்பே டிகிரி முடித்தவள். அரசாங்க கிளார்க் வேலைக்கான தேர்வை ஏற்கெனவே இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கொஞ்ச மார்க்கில் விட்டவள். இது மூன்றாவது. கட்டிங் செக்‌ஷனில் வேலை முடிந்ததும் தூக்கிப் போடும் நீளநீளமான, வெட்டு அளவு வரைந்த மார்க்கர் பேப்பரை வாங்கி வருவாள். அதன் பின்பக்கத்தில் குறிப்பு எழுதி சமையலறைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தாள். ரசம் கொதிக்கும்போது அவள் வாய் ஏதாவது ஒரு சட்டப் பிரிவை முணுமுணுக்கும். மூட்டு வலியும் தூசி இருமலும் இல்லாத ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. இந்த முறை கிடைத்துவிடும் என்று அவள் நம்பினாள், நானும் நம்பினேன்.

விண்ணப்பத்தில் வெள்ளகோவிலில் உள்ள அவள் அம்மா வீட்டு முகவரியைப் போட்டதால் மையம் காங்கேயத்தில் விழுந்துவிட்டது. நாங்கள் இருப்பதோ மங்கலம். நடுவில் திருப்பூரைத் தாண்ட வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தால் நிம்மதியாகப் போய்ச் சேரலாம் என்றாள். நான்தான் கேட்கவில்லை. "வண்டியிருக்கறப்ப எதுக்குப் பஸ்ஸு? ஒரு மணி நேரத்துல கொண்டு போயி எறக்கறேன்" என்றேன். வண்டிக்குப் பதினாறு வயது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. நடுவழியில் ஒருநாளும் நின்றதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

நான் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். நூலைத் துணியாகப் பின்னும் வட்ட மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு மெஷினிலும் ஆயிரக்கணக்கான ஊசிகள் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எண்ணெய் குறைந்தால் ஊசி சூடேறி முறியும், துணியில் நீளமாகக் கோடு விழும். எண்ணெய் கூடினால் கறை. சாயப்பட்டறையில் அந்தக் கறை போகாவிட்டால் மொத்த ரோலும் திரும்பி வரும், முதலாளியின் வசவும் சேர்ந்து வரும். அதனால் எங்கள் தொழிலில் புது எண்ணெய் வந்தால் ஒரு பரிசோதனை உண்டு. வெள்ளைப் பனியன் துணியில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் வைத்திருந்து, சோப்புப் போட்டு அலசுவோம். கறை போனால் தேறியது. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டுத் தேய்ப்போம். எவ்வளவுக்கு வழுக்குகிறதோ அவ்வளவுக்கு நல்ல எண்ணெய்.

இருபது வருடம் இதையே செய்தவனுக்கு, உலகத்தில் உள்ள அத்தனை எண்ணெய்க்கும் தானே நீதிபதி என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்திருந்தது. வீட்டுக்குக் கடலை எண்ணெய் வாங்கினால்கூட விரலில் தேய்த்துப் பார்த்து ஏதாவது சொல்வேன். மனைவி சிரிப்பாள்.

அந்த வாரம் முதலாளி தன் பழைய காரை விற்றிருந்தார். அதற்கென்று வாங்கிய ஆயில் கேன் ஒன்று பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் கிடந்தது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார் அவருடைய டிரைவர். வெளிநாட்டுச் சரக்கு, விலை கூடியது, பெட்ரோல் மிச்சமாகும் என்று கேனிலேயே போட்டிருந்தது. வழக்கம்போல பனியன் துணியில் சொட்டு விட்டுப் பார்த்தேன். மறுநாள் ஒரே அலசில் துணி பளிச்சென்று ஆகிவிட்டது. விரலில் தேய்த்தால் பிடிபடாமல் நழுவியது. அப்படியொரு எண்ணெயை நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. சனிக்கிழமை சாயங்காலம் இதை வண்டிக்கு ஊற்றிவிட வேண்டும், அவளை வழுக்கிக்கொண்டு போய்க் காங்கேயத்தில் இறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளுக்கு நான் செய்யும் உதவியாகவே அதை நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் செயினை இறுக்குவதற்காக எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். தென்காசிப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். கேனை வண்டியில் மாட்டியிருந்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான்.

அவர் கேனைத் திருப்பிப் பின்பக்கம் படித்தார். "அண்ணே, இத நம்ம வண்டிக்கா ஊத்தப் போறீய?"

"ஏன், ஊத்துனா என்னங்க?"

"கார்ல கிளச்சு தனியா, காய்ஞ்சு கெடக்கும். இதுல ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கெடக்குல்லா. இந்த மாதிரி ஆயில்ல வழுவழுப்புக்குன்னு தனியா மருந்து சேத்திருப்பாவ. சூடேறுச்சுன்னா பிளேட்டு ஒண்ணையொண்ணு பிடிக்காதுண்ணே. பழைய வண்டி வேற. டுவென்டி ஃபார்ட்டி கிரேடு பைக் ஆயில ஊத்துங்க. டப்பாவுல எம்.ஏ.ன்னு ரெண்டு எழுத்து இருக்கும், அதப் பாத்து வாங்குங்க. அதுதான் இந்தக் கிளச்சுக்கு ஒத்துக்கிடும்."

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. தட்டையான பிளேட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், ஸ்பிரிங் அவற்றை இறுக்கிப் பிடிக்கும், அந்தப் பிடியில்தான் இன்ஜினின் சக்தி சக்கரத்துக்குப் போகும். அது எண்ணெயில் ஊறிக்கொண்டே பிடிக்கவும் வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் போய் எண்ணெயைப் பற்றி ஒருவர் பாடம் எடுக்கிறாரே என்றுதான் சுருக்கென்றது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ஆயிலுக்கெல்லாம் எதுக்குங்க எம்.ஏ. படிப்பு? எங்க ஊட்டுல ஒருத்தி படிக்கறதே போதும்" என்றேன். அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். "நான் இருவது வருசமா எண்ணெயிலதான் பொழைக்கறனுங்க" என்று சேர்த்துக்கொண்டேன். மெக்கானிக் கேனைத் திரும்ப வண்டியில் மாட்டினார். செயினை இறுக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வாசலில் வைத்து நானே பழைய ஆயிலை இறக்கினேன். தார் மாதிரி கறுப்பாக வந்தது. புதுசை ஊற்றி, தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். சத்தமே இல்லை, கியர் வெண்ணெயில் விழுவதுபோல் விழுந்தது. இன்ஜின் இன்னும் சரியாகச் சூடாகவே இல்லை என்பதையோ, பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதையோ நான் யோசிக்கவில்லை. மெக்கானிக் கடையைத் தாண்டும்போது வேண்டுமென்றே ஹாரன் அடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கே அவள் தயார். நான்தான் ஏழு மணிக்குக் கிளப்பினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் திருப்பூருக்குள் கூட்டம் இல்லை. பின்னால் உட்கார்ந்தபடி அவள் மெல்லிய குரலில் பிரிவு எண்களையும் ஆண்டுகளையும் சொல்லிக்கொண்டே வந்தாள். என் முதுகில் அந்த முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. ஊரைக் கடந்து காங்கேயம் ரோட்டில் ஏறி நல்லூரைத் தாண்டும்போது மணி ஏழரை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கு அப்புறம் வந்த ஒரு சின்ன ஏற்றத்தில்தான் முதல் தடவை அது நடந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினேன். இன்ஜின் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. எங்கோ வேறொரு வண்டி இரைவதுபோல் இருந்தது. கியரைக் குறைத்தேன், தட்டுத் தடுமாறி மேலே ஏறிவிட்டது. சமதரையில் பழையபடி ஓடியது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் சமதரையிலும் அதே கூத்து. நாற்பதுக்கு மேல் போனால் சத்தம் மட்டும் போகிறது, வண்டி பின்தங்குகிறது.

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. மெக்கானிக் சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதுக்குள் கேட்டது.

முதுகில் முணுமுணுப்பு நின்றிருந்தது. "ஏனுங்க, வண்டி இழுக்க மாட்டேங்குதுங்களா?"

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கான் அந்த பங்க்குக்காரன்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அந்தப் பொய்யை யோசிக்கக்கூட எனக்கு நேரம் ஆகவில்லை.

ஓரமாக நிறுத்தினேன். கிளச்சு கேபிள் இறுக்கமாக இருந்தாலும் பிளேட்டு வழுக்கும். அதுவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கேபிளைத் தளர்த்தினேன். ஸ்பேனர் இரண்டு முறை கீழே விழுந்தது. பத்து நிமிடம் போயிற்று. மறுபடி கிளப்பினால் அரை கிலோமீட்டர்கூட ஒழுங்காக ஓடவில்லை. தீய்ந்த வாடை வர ஆரம்பித்தது. நிறுத்தி ஆற விட்டேன். கிளப்பினேன். நிறுத்தினேன். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஸ்டாப் இல்லாத இடத்தில் கை காட்டினால் யார் நிறுத்துவார்கள்?

"மணி என்னங்க ஆச்சு?" என்றாள்.

"மணி பாத்தா வண்டி ஓடுமா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் அப்புறம் கேட்கவில்லை. நான் பார்க்காதபோது கைபேசியை எடுத்து மணி பார்ப்பது மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. அன்றைக்கு நான் செய்ததில் எதை மறந்தாலும் அந்தக் கண்ணாடியில் தெரிந்த முகத்தை மறக்க முடியவில்லை.

படியூரை நெருங்கும்போது மணி எட்டரை தாண்டிவிட்டது. இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே வந்த ஏற்றத்தில் முதல் கியரில்கூட வண்டி நகரவில்லை. இன்ஜின் அலறியது, நாங்கள் நின்ற இடத்தில் நின்றோம். அவள் இறங்கினாள். இறங்கிய வேகத்தில் ரோட்டின் நடுவுக்கே போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். சாதாரணமாக அப்படிச் செய்யக்கூடியவள் இல்லை அவள். சத்தமாக யாரையும் கூப்பிட்டுக்கூட நான் பார்த்ததில்லை.

தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று அலறிக்கொண்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டித் திட்ட வாயெடுத்தார். அதற்குள் அவள் பேசிவிட்டாள். "அண்ணா, பரீட்சைக்குப் போகோணுமுங்க. ஒம்போது மணிக்குக் கேட்டைச் சாத்திருவாங்க. காங்கேயம் வரைக்கும் மட்டுமுங்க."

டிரைவர் என்னையும் வண்டியையும் பார்த்தார். "முன்னாடி ஒருத்தருக்குத்தான் எடம் இருக்குதுங்க. நீங்க ஏறுங்க தங்கச்சி."

"இரு, நானும் பின்னாடி ஏறிக்கறேன்" என்றேன். அவள் காதில் விழவில்லை. கைபேசியை என் கையில் திணித்தாள், அதை உள்ளே விட மாட்டார்கள். தண்ணீர் பாட்டிலைக்கூட எடுக்கவில்லை. கதவை அடித்துச் சாத்தினாள், டெம்போ போய்விட்டது. வண்டி எண்ணை நான் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். முன்பின் தெரியாதவன் வண்டியில் மனைவியை ஏற்றிவிட்டு ரோட்டில் நிற்கிறேன், அவளைக் கூப்பிடுவதற்கான போனும் என் கையிலேயே இருக்கிறது. மணி எட்டு நாற்பத்திரண்டு.

வண்டியைத் தள்ளினேன். இறக்கத்தில் ஏறி உட்கார்ந்து உருட்டினேன். ஒற்றை ஆள் பாரத்தில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, முதல் கியரில் ஊர்ந்தது. நடந்து போகிறவர்கள் என்னைத் தாண்டாத குறை. சிவன்மலை தெரிந்தபோது ஒன்பது அடித்துப் பத்து நிமிடம். நான் கோயிலுக்கு அடிக்கடி போகிறவன் இல்லை. அன்றைக்கு ஹேண்டில்பாரை விடாமலே மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். உள்ளே போயிருப்பாள், போயிருக்க வேண்டும் என்பதைத் தவிர எதுவும் ஓடவில்லை.

பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்துப் போய்ச் சேரும்போது ஒன்பதே முக்கால். பெரிய இரும்புக் கேட் சாத்தியிருந்தது. வெளியே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வேறு மையத்துக்குப் போய்விட்டு ஓடி வந்த ஒரு பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் போய் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அத்தனை முகத்தையும் பார்த்தேன். என் மனைவி அவர்களில் இல்லை.

கேட்டுக்குள் நின்ற பெண் காவலரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "ஒம்போது மணிக்கு ஒரு நிமிசம் இருக்கறப்ப ரெண்டு பேர் ஓடி வந்தாங்க. ஒருத்தங்க நுழைஞ்சிட்டாங்க. இன்னொருத்தங்க வர்றதுக்குள்ள சாத்தியாச்சு. அவங்க கொஞ்ச நேரம் நின்னுட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் அழுதுக்கிட்டே போனாங்க. உங்க வீட்டுக்காரம்மா என்ன கலர் சேலை?"

எனக்குத் தெரியவில்லை.

வெள்ளையிலேயே ஆறு விதம் பிரித்துச் சொல்லக்கூடியவன் நான். ஒரு ரோலுக்கும் அடுத்த ரோலுக்கும் இம்மி நிறம் மாறினால் கண்டுபிடித்துவிடுவேன். அன்று காலையில் அவள் என்ன கட்டியிருந்தாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. காலையிலிருந்து நான் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலையா, சுடிதாரா என்பதே குழம்பிவிட்டது. சட்டைப் பையிலிருந்த அனுமதிச் சீட்டை எடுத்துக் காட்டினேன். பிரதியில் அவள் முகம் கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. "இதுல மூஞ்சியே தெரியலீங்களே" என்றார் காவலர்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒவ்வொரு பஸ்ஸுக்குள்ளும் ஏறிப் பார்த்தேன். கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே, பெஞ்சுகளில், கழிப்பறை வாசலில் தேடினேன். என்ன வேண்டும் என்று ஒரு கண்டக்டர் அதட்டினார். எங்கும் இல்லை. அப்படியானால் உள்ளே போயிருக்கிறாள் என்று ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. அடுத்த நிமிடமே, டெம்போ காங்கேயம் வந்ததா என்பதே தெரியாதே என்று இன்னொரு எண்ணம் வந்தது. அவள் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாளோ என்றும் நினைத்தேன். அங்கே போன் செய்து என்னவென்று கேட்பது?

திரும்பி வந்து கேட்டுக்கு எதிரே நின்றேன். பன்னிரண்டரை வரை நின்றேன். எதிரே டீக்கடை இருந்தும் ஒரு டீ குடிக்கத் தோன்றவில்லை. வெயில் ஏற ஏற நிழல் தேடி மற்றவர்கள் நகர்ந்தார்கள். இந்த வேலை அவளுக்குக் கிடைக்காமல் போனால் அது என் விரலில் தேய்த்துப் பார்த்த அந்த ஒரு சொட்டால்தான் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. யார் மேலாவது பழி போடலாம் என்று தேடிப் பார்த்தேன். கேனைக் கொடுத்த டிரைவர்மேல் போடலாம், கேன் மேல் போடலாம். எதுவும் ஒட்டவில்லை.

மணி அடித்தது. கேட்டைத் திறந்தார்கள். நூற்றுக்கணக்கில் வெளியே வந்தார்கள், விடையை ஒப்பிட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கணவனைத் தேடிக்கொண்டு. கூட்டம் மெலிந்துவிட்டது. சுவரில் சாய்ந்தேன். அப்போதுதான் வந்தாள், கிட்டத்தட்டக் கடைசியாக. பச்சைச் சேலை. முழங்கைக்குக் கீழே சிராய்த்து ரத்தம் காய்ந்திருந்தது. டெம்போ மில்லுக்குத் திரும்பும் இடத்தில் இறங்கி, மீதித் தூரத்தை ஓடியே வந்தாளாம், ஓரிடத்தில் விழுந்தாளாம்.

"எழுதிட்டியா?" என்றேன்.

"எழுதுனனுங்க." தண்ணீர் வாங்கி முழு பாட்டிலையும் குடித்தாள். "மொத அரை மணி நேரம் கை நடுக்கம் நிக்கவே இல்லீங்க. படிக்கறது மண்டைக்குள்ள போகல. கடைசியில நேரம் பத்தல. பன்னெண்டு கேள்வியப் படிக்காமயே குத்துமதிப்பா வட்டத்தைக் கறுப்படிச்சேன்."

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று மணி நேரமாக ஒத்திகை பார்த்திருந்தேன். "பெட்ரோலு இல்ல புள்ள. நான் ஊத்துன ஆயிலுதான். மெக்கானிக்கு சொன்னாரு, ஊத்த வேண்டாம்னு. நாந்தான் கேக்கல."

அவள் பாட்டிலை மூடினாள். "தெரியுமுங்க."

"எப்படி?"

"நேத்து பொழுதோட பால் வாங்கப் போனப்ப அந்த அண்ணன் கூப்புட்டுச் சொன்னாரு. 'கிளச்சு வழுக்கும்மா, நாளைக்கு அதுல போவாதீய'ன்னு."

எனக்கு ஒரு கணம் அவள்மேல் கோபம் பொங்கியது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். "அப்புறம் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா?" என்றாள். குரலில் சண்டை இல்லை. "சத்தம் போட்டிருப்பீங்க. பரீட்சைக்கு மொத நாளு ஊட்டுல சண்டை வேண்டாமுன்னு விட்டுட்டேன். ஓடுனாலும் ஓடுமுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் பஸ்ஸில் வீடு திரும்பினாள். நான் வண்டியை அங்கேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன். ஒரே பஸ்ஸில் போயிருக்கலாம். பக்கத்தில் உட்காரும் தைரியம் எனக்கு இல்லை.

இரண்டு நாள் கழித்து வண்டியை ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடமே விட்டேன். அவர் மூடியைக் கழற்றி பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். எல்லாம் கறுத்து, பளபளவென்று இருந்தன. அவர் "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். சொல்லவில்லை. புதுப் பிளேட்டுகளைப் பொருத்தும் முன் ஒரு தட்டில் பைக் ஆயிலை ஊற்றி அதில் ஊறப் போட்டார். பழைய ஆயிலின் மிச்சம் போக ஒருமுறை ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு இறக்கி, மறுபடி புதுசு ஊற்றினார். இரண்டு முறையும் டப்பாவை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் என்று எழுத ஆசைதான். உண்மையில் நானே கையை நீட்டி வாங்கி, அந்த இரண்டு எழுத்து எங்கே என்று அவரிடம் கேட்டேன். காட்டினார். மனிதர்களிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் முடிவு வந்தது. கம்பெனியிலிருந்து வந்தவள் முகம்கூடக் கழுவாமல், சமையலறையில் நின்றபடியே கைபேசியில் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். நான் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் வெகுநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு கைபேசியை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஆகலீங்க" என்றாள்.

அரிசியை அளந்து கழுவ ஆரம்பித்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். எத்தனை மார்க்கில் போயிற்று? பத்துப் பதினைந்து என்றால் அது வேறு. இரண்டோ மூன்றோ என்றால், அந்தப் பன்னிரண்டு கேள்வியும் அந்த அரை மணி நேரமும் என் தலையில்தான் விழும். எனக்கு அது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது, தெரியவே கூடாது என்றும் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"எத்தன..."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னாள்.

"கேக்காதீங்க. கேட்டா சொல்லிருவேன்."